லோகன் தெருவில் விழாத செங்கல்

லோகன் தெருவில் ஒடெஸ்ஸா புரூயிட் நடத்தும் முடி அலங்காரக் கடைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எறியப்பட்ட செங்கல் நான்கு வருடம் கீழே விழவில்லை. முன்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மூன்று முழம் வந்ததும் இடுப்பளவு உயரத்தில் நின்றுவிட்டது. உடைந்த கண்ணாடியும் விழவில்லை. முப்பத்தொன்பது துண்டுகளும் ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி விட்டு அந்தரத்தில் நின்றன. இடைவெளிகளில் பிப்ரவரிக் காற்று மட்டும் தாராளமாகப் புகுந்தது. செங்கல் நின்றது என்பதும் முழு உண்மை அல்ல. மாதத்துக்கு ஒரு விரற்கடை வீதம் அது தலை கழுவும் நாற்காலியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அன்று அந்த நாற்காலியில் தலையைத் தொட்டியில் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தவர் பெர்னடெட் சைக்ஸ். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை தேடித்தரும் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தெருமுனையில் நடத்துகிறவர். எறிந்தவன் அவருடைய உடன்பிறந்த தம்பி லயனல். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் வேலை வாங்கிக்கொடுக்கும் அக்கா தனக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று அவனுக்கு ஆத்திரம். பெர்னடெட் அவனைப் பார்க்கவில்லை. ஒடெஸ்ஸா பார்த்தார்; யாரிடமும் சொல்லவில்லை.

செங்கல்லைப் பிடித்து எடுத்துப் போடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அந்த வருடம் பார்த்துத்தான் நகராட்சி, குற்றம் மலிந்த தெருக்களில் உள்ள சிறு கடைகளுக்கு மானியம் அறிவித்திருந்தது. கடையும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒடெஸ்ஸாவும் பெர்னடெட்டும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை சேதத்தைத் தொடக்கூடாது, தொட்டால் விண்ணப்பம் செல்லாது என்று நான்காம் விதி சொன்னது. எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், படிவத்தில் எழுதியிருப்பதை நம்பிவிடுவார்கள். ஒடெஸ்ஸா தொடவில்லை. செங்கல்லைச் சுற்றிக் குனிந்து போய்க் குனிந்து வந்து முடி வெட்டினார்.

முதல் வருடம் போலீஸ் புகார் எண் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. போலீஸ்காரர்கள் இருவர் வந்து செங்கல்லை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். "விழுந்ததும் ஃபோன் பண்ணுங்க மேடம். இது இன்னும் நடந்துக்கிட்டுல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருடம் நீலப் படிவம் செல்லாது, பச்சைப் படிவம்தான் செல்லும் என்றார்கள். தெருப் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்க ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். அவர் கடைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிச் செங்கல்லில் மாட்டப் போக, தலையில் சுருள் வைத்திருந்த ஆறு பெண்கள் ஒரே குரலில் அலறினார்கள். மூன்றாம் வருடம் பதினைந்தாம் கட்டம் என்று ஒன்று புதிதாக முளைத்தது. எறிந்தவர் யார், தெரிந்தால் எழுதவும். தெரியும், சொல்ல மாட்டேன் என்று எழுதினார் ஒடெஸ்ஸா. திரும்பி வந்தது. ஒன்றும் எழுதாமல் அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. அந்த அலுவலகத்தின் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாமா என்று எங்களுக்கே தோன்றியது.

நான்காம் வருடம் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மே மாத முடிவுக்குள் கண்ணாடி சரியாக இல்லையென்றால் காப்பீடு ரத்து. காப்பீடு இல்லாதவருக்குக் கட்டட உரிமையாளர் இடம் தரமாட்டார். இருபத்திரண்டு வருடக் கடை. அதற்குள் செங்கல் நாற்காலிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

"பேரை எழுதித் தொலையேன் ஒடெஸ்ஸா. எவனோ ஒருத்தனுக்காக நீ ஏன் தெருவுல நிக்கணும்?" என்றார் பெர்னடெட்.

"எழுதினா உனக்குத்தான் மொதல்ல வயிறு எரியும்."

பெர்னடெட் அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"லயனலா?"

"நான் சொல்லலைம்மா."

"நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டுக்கு வந்து மாக்கரோனியும் சீஸும் ரெண்டு தட்டு திங்கறான்டி!"

மறுநாள் காலை தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முப்பத்தாறு வயது ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எல்லாருக்கும் வேலை தந்தியே, எனக்கு ஏன்க்கா தரலை?"

"நீ ஜெயிலுக்குப் போகலையேடா! ஜெயிலுக்குப் போனவங்களுக்குத்தான்னு எனக்குப் பணம் குடுக்கறவன் ஃபார்ம்ல போட்டிருக்கானே, நான் என்னடா செய்ய?"

"அப்ப இதுல என் பேரை எழுதினா..."

"ஆமா. போயிட்டு வா, வேலை ரெடியா இருக்கும்."

லயனல் பேனாவை வாங்கிப் பதினைந்தாம் கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதினான். "எழுத்தை ஒழுங்கா எழுதுடா. அதுக்கும் திருப்பி அனுப்புவானுங்க" என்றார் ஒடெஸ்ஸா.

படிவம் முழுமையாகிவிட்டதால் மே இருபதாம் தேதி ஆய்வாளர் வந்துவிட்டார். பெர்னடெட்டும் லயனலும் கடையில் இருந்தார்கள். பத்து நிமிடம் அளந்தார். தரையில் ஒரு சில்லும் இல்லை, செங்கல் யார்மீதும் படவில்லை. ஆகவே சேதம் எதுவும் இல்லை, சேதம் இல்லாததால் குற்றமும் இல்லை, மானியம் கிடையாது என்று எழுதிப் பதினைந்தாம் கட்டத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டார்.

"நாலு வருஷம்! நாலு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு போச்சு. சேதம் இல்லையாம்!" ஒடெஸ்ஸா போட்ட சத்தத்தில் எதிர்ச் சாரிக் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆய்வாளர் தன் ஏட்டிலிருந்து கடிதத்தைக் கிழித்துக் கொடுத்தார். சேதம் எதுவும் இல்லை என்று நகராட்சி முத்திரையோடு இருந்த அந்தக் கடிதத்தைக் காப்பீட்டுக் கம்பெனி, கண்ணாடி நன்றாக இருப்பதற்கான சான்று என்று அடுத்த வாரமே ஏற்றுக்கொண்டது. கடை தப்பியது. நகராட்சியால் எங்கள் தெருவுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

"இனிமே தொடலாமா?" என்று ஆய்வாளர் வந்த அன்றே ஒடெஸ்ஸா அவரிடம் கேட்டார்.

"ஃபைலை மூடியாச்சு மேடம். உங்க இஷ்டம்."

ஒடெஸ்ஸா கையை நீட்டிச் செங்கல்லை எடுத்தார். லேசாக வந்துவிட்டது. எறிந்தவன் உள்ளங்கையின் சூடு அதில் அப்படியே இருந்தது. "இந்தா, உன்னோடது" என்று லயனலிடம் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அழுதான். நான்கு வருடமாக யாரும் உட்காராத நாற்காலியைப் பெர்னடெட் துடைத்து உட்கார்ந்தார். செங்கல்லோடு பின்னால் நிற்கும் தம்பியைத் திரும்பிப் பார்க்காமல், தலையைத் தொட்டியில் சாய்த்துக் கண்ணை மூடினார். ஒடெஸ்ஸா தண்ணீரைத் திறந்துவிட்டார். கண்ணாடித் துண்டுகள் இன்றும் அங்கேயேதான் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் லயனல் வந்து ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுப் போகிறான்.