பெனாசிர் கேட்ட மீதி

உத்தமபாளையம் கடைத்தெருவில், சுருளிராஜன் மளிகைக்கடை முன்னால் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவில் சுருளிராஜன். எதிரே என் மகள் பெனாசிர். இரண்டடி தள்ளி அவளுக்குப் பாடம் சொல்லும் கிருபாவதி டீச்சர். பக்கத்து மருந்துக்கடை வாசலில் நானும் என் தம்பி நௌஷாத்தும். ஊரே கூடியது என்று சொல்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

பெனாசிருக்கு இருபத்து நான்கு வயது. பேச்சும் கணக்கும் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். சிறப்புப் பள்ளியில் ஆறு மாதமாக நோட்டையும் நாணயத்தையும் பிரித்தறியவும், கடிகாரம் பார்க்கவும் சொல்லித் தந்திருந்தார்கள். அன்று பரீட்சை. ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சோப்பும் டீத்தூளும் வாங்க வேண்டும். மீதியை எண்ணி வாங்காமல் நகரக் கூடாது. ஐந்தே காலுக்கு அனுமந்தன்பட்டி மினிபஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தேறினால் இனி தனியாகப் போய்வரலாம். தவறினால் பள்ளியும் வேண்டாம், பாடமும் வேண்டாம் என்று டீச்சரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். என் வீட்டுப் பெண்ணைத் தெருவில் யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது.

ஒன்றை மறந்துவிட்டேன். முப்பது வருஷமாக என் வீட்டிலிருந்து யார் போனாலும் சுருளிராஜன் காசு வாங்குவதில்லை. மாதம் பிறந்ததும் நானே போய் மொத்தமாகக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை.

அவள் நீட்டிய நோட்டை அவர் தொடவே இல்லை.

"ராவுத்தர் மககிட்ட காசு வாங்குவனா? கொண்டு போ ஆத்தா."

பெனாசிர் நோட்டை மேசை மேல் வைத்தாள். "மீதி."

"ஒங்க அத்தா குடுப்பாக தாயி."

"மீதி."

நௌஷாத் என் கையைப் பிடித்தான். "அண்ணே, பாக்குறவுக என்ன நெனைப்பாக? ஒரு சத்தம் குடுங்க, புள்ள வந்துரும்."

நான் கால் எடுத்து வைத்தேன். டீச்சர் திரும்பினார். "ஐயா, அங்கனயே நில்லுங்க. நாளைக்கு நீங்க அவ கூட வரமாட்டீக."

என்னிடம் அப்படிப் பேசியவர்கள் குறைவு. நின்றேன்.

பெனாசிர் கைக்கடிகாரத்தை உற்றுப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு" என்றாள். நகரவில்லை.

சுருளிராஜன் சிரித்துக்கொண்டே கல்லாவைத் திறந்தார். ஒரு பத்து ரூபாய் நோட்டு, ஓர் ஐந்து ரூபாய் நாணயம், சில்லறைக்குப் பதிலாக மூன்று மிட்டாய். அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மிட்டாய்களை ஒவ்வொன்றாக அவர் பக்கம் தள்ளினாள்.

"இது காசு இல்ல. மூணு ரூவா."

"யப்பா! அப்படியே உங்க பிடிவாதம்தான் ராவுத்தரே!" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

மூன்று நாணயங்கள் மேசையில் விழுந்தன. அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணி, பர்ஸில் போட்டு, யாரையும் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மினிபஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அந்த மாதப் பாக்கியைக் கொடுத்துவிட்டு, என் வீட்டுப் பற்றுக் கணக்கை அடித்துவிடச் சொன்னேன். யார் வந்தாலும் கைக்காசு வாங்க வேண்டும், மீதியும் காசாகவே தர வேண்டும்.

ராவுத்தர் நொடித்துப்போனார், சுருளிராஜன் கணக்கை நிறுத்திவிட்டார் என்று கூடலூர் வரைக்கும் பேச்சு போயிருக்கிறது.

அவர் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினேன்.