நொய்ச்சோற்றுக்குக் குச்சி

என் மனைவி தோவா இறந்தது லியூ அக்காவின் கடையில் மட்டும் யாருக்கும் தெரியாது. டெங்குக் காய்ச்சல், நாலே நாள். அடக்கம் பென்ட்ரேயில், அவள் அம்மா வீட்டில் நடந்தது. சைகோனில் கால்வாயை ஒட்டிய இந்தச் சந்துக்குச் செய்தி வரவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலை முடிந்து ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் சாப்பிடும் கடை அது. தகரக் கூரை, முழங்கால் உயர மேசைகள் நாலு, வாசலில் கரி அடுப்பு. நொய்யரிசிச் சோறு, சுட்ட பன்றி இறைச்சி, மேலே ஊற்ற உப்புக் கரிக்கும் மீன்சாறு. தோவாவுக்கு வெங்காயத்தாள் ஆகாது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் தனியாகப் போனேன்.

“வீட்டம்மா எங்க தம்பி?” என்றார் லியூ அக்கா.

வாய் தானாகச் சொன்னது. “மருந்துக்கடையில ராத்திரி ஷிப்டு போட்டுட்டாங்கக்கா. அவளுக்கு ஒண்ணு கட்டிக் குடுங்க. வெங்காயத்தாள் வேணாம். சாப்பிடுற குச்சி ஒரு ஜோடி.”

அடுப்பில் இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் கணவர், தாம் அண்ணன், சிரித்தார். “நொய்ச்சோத்துக்குக் குச்சியா? ஸ்பூன்ல அள்ளினாலே பாதி கீழ கொட்டுது.”

“உடம்பக் குறைக்கிறாண்ணே. ஒவ்வொரு பருக்கையா எடுத்துத் திங்கணுமாம்.”

“அப்ப விடிஞ்சிரும்.”

லியூ அக்கா சிரிக்கவில்லை. பொட்டலத்தின் ரப்பர் பேண்டில் குச்சிகளைச் செருகிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்குக் கடையில் ஒரு தட்டு, வீட்டுக்கு ஒரு பொட்டலம். என் அறையில் குளிர்பெட்டியின் மேல் அவள் படம். சோற்றைக் கிண்ணத்தில் கொட்டி, குச்சியைக் குறுக்கே வைத்து, ஊதுபத்தி ஏற்றுவேன். பத்தி அணைந்ததும் அதை நான் சாப்பிடுவேன். நூறு நாள் வரை அப்படி வைப்பது முறை.

அந்தச் சோற்றில் உப்பு இருக்காது. செத்தவர்கள் சாப்பிட்டு மிஞ்சியது அப்படித்தான் சப்பென்றிருக்கும் என்பார் மாமியார். நான் வேதியியல் படித்தவன். ஆற்றுநீரில் உப்பை அளப்பதுதான் என் வேலை. ஒருநாள் மீன்சாற்றை இரண்டு மடங்காக ஊற்றினேன். படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது; பார்த்தேன். கரித்தது. பத்தி அணைந்தபின் அதே கிண்ணத்தில் எந்த ருசியும் இல்லை. அப்புறம் நான் சோதிக்கவில்லை. அவள் சாப்பிடுகிறாள். அது போதும்.

நூறாவது நாள் பகலில் பென்ட்ரேயில் சடங்கு முடிந்தது.

“இன்னியோட சோறு வைக்கிறத நிறுத்திடுங்க மாப்பிள்ள,” என்றார் மாமியார். “அவ போகட்டும்.”

மழையில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டித் திரும்பினேன். கடையில் ஒரு தட்டு மட்டும் கேட்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அவள் இங்கேயும் இறந்துவிடுவாள்.

“எப்பவும் போலத்தானே?” என்றார் தாம் அண்ணன்.

“எப்பவும் போல,” என்றேன்.

லியூ அக்கா இரண்டு தட்டுகளோடு வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். வெங்காயத்தாள் இல்லாததை எதிரில் வைத்து, அதன்மேல் குச்சிகளைக் குறுக்காக வைத்தார். அரிசி நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் ஒரு பத்தியைக் குத்திக் கொளுத்தினார்.

“நீ குச்சி கேட்ட அன்னிக்கே தெரியும் தம்பி. உசிரோட இருக்கிறவங்க யாரு நொய்ச்சோத்துக்குக் குச்சி கேக்குறா?”

“ஏன் ஒண்ணும் கேக்கலக்கா?”

“நீ சொல்லல, நான் கேக்கல. அடக்கம் பண்ணி மூணாம் நாள் சமாதிச் சடங்க விட்டுட்டு நீ வந்திருக்க மாட்டே. அந்த மூணு நாளையும் சேத்து எண்ணிட்டே வந்தேன். இன்னிக்கு நூறு.”

தாம் அண்ணன் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். “அன்னிக்கு நான் கேலி பண்ணிட்டேன். நீ போனதும் இவ கரண்டியால போட்டா பாரு, முழங்கை வீங்கிப் போச்சு.”

“இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்,” என்றார் அக்கா.

“அக்கா, அவ பொட்டலத்துல உப்பக் குறைச்சுப் போட்டீங்களா?”

“எல்லாருக்கும் ஒரே சட்டிதானே. ஏன்?”

“ஒண்ணுமில்லக்கா.”

பக்கத்து மேசையில் இருந்த வாடகை பைக் ஓட்டுபவர் தன் முக்காலியை நகர்த்தி, எதிர் முக்காலிக்கு இடம் விட்டார். தகரத்தில் மழை விழுந்தது. பத்தியின் சாம்பல் வளைந்து, உடையாமல் நின்றது. நான் என் தட்டைத் தொடவில்லை.

பத்தி அணைந்தது. எதிர்த் தட்டை இழுத்துக்கொண்டேன். அவள் குச்சியால் எடுத்தேன். பாதி மேசையில் சிந்தியது. மீதியை வாயில் வைத்தேன்.

கரித்தது.

தட்டின் நடுவில் எடுத்துப் பார்த்தேன். பிறகு ஓரத்தில். பிறகு என் தட்டில் ஒரு வாய். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

“என்ன தம்பி?”

“உப்பு இருக்குக்கா.”

“பின்ன இருக்காதா?” என் விரல்களிலிருந்து குச்சிகளை வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்பூனை வைத்தார். “ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”

எதிர் முக்காலியைப் பார்க்காமல் சாப்பிட்டேன். கடைசிப் பருக்கை வரை உப்பு இருந்தது.