காணிக்கைப் பீடத்தில் ஒரு கவர்

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தேவாலயத்தில் அன்று அறுவடைக் காணிக்கை ஞாயிறு. அவரவர் உழைப்பில் வந்ததைப் பீடத்தில் வைத்து, என்ன வேலையில் வந்தது என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். அருள்செல்வி ரப்பர் பால் வெட்டிய சம்பளத்தில் வாங்கிய அரிசியைப் பையில் கட்டினாள்.

"நீங்க என்னங்க கொண்டு வர்றீங்க?"

புருஷன் ஜெகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பணம் போட்ட ஒரு கவரைக் காட்டினான்.

"என்ன வேலைன்னு சொல்லுவீங்க?"

"ஒன்லைன் வேலைன்னு சொல்றேன். காசு வச்சு ஆடுற போக்கர் சீட்டுன்னா சும்மா அதிர்ஷ்டம் இல்ல புள்ள, மூளை வேணும்."

மூளை இருந்தது, அதை மறுக்க முடியாது. பால் வெட்டும் கத்தியைக் கீழே போட்ட இரண்டு வருடத்தில் கூரையை மாற்றினான், மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். ஆனால் எதிரே ஆடும் வெளிநாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்களாகிவிட, வருமானம் படுத்துக்கொண்டது. போக்கரில் பிழைக்க ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆடத் தெரியாதவர்கள் எதிரே இருக்க வேண்டும். அதனால் ஜெகன் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கே ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, போனில் தனி மேசை ஒன்று திறந்தான். முதலில் சேர்ந்தவன் பக்கத்து வீட்டு சாள்ஸ். நாலு பேருக்குத் தொழில் பழக்குகிறோம் என்று ஜெகன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான், பாவம்.

கோயிலில் கவரை வைத்து, "ஒன்லைன் வேலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அடுத்து சாள்ஸின் மனைவி விஜயகலா வெறுங்கையோடு பீடத்துக்குப் போனாள். சாள்ஸ் கடைசி வாங்குப் பலகையில் தலை குனிந்திருந்தான்.

"போன வருஷம் மிளகு கொண்டாந்தோம்," என்றாள். "இந்த வருஷமும் நாங்க வேலை செஞ்சோம். எங்க காணிக்கை அந்தக் கவருக்குள்ள இருக்கு."

ஜெகனின் முகம் சுண்டிப்போனது. சாள்ஸ் தோற்ற ஒவ்வொரு முறையும் தொடையைத் தட்டிச் சிரித்தவன் அவன்தானே. எழுந்து போய்க் கவரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இது உங்க காசு. எடுத்துக்கங்க."

அவள் வாங்கவில்லை. "நாளைக்கே அவரு இதையும் கொண்டாந்து உங்க மேசையில வைப்பாருண்ணே. ஆடப் படிச்சுக் குடுத்தீங்கல்ல? அத விட்டுடுறதுக்கும் படிச்சுக் குடுங்க."

ஜெகன் போனை எடுத்தான். எல்லோரும் பார்க்க அந்த மேசையை அழித்துவிட்டுச் சபையை நோக்கித் திரும்பினான்.

"நான் பொய் சொல்லிட்டேன். இது வேலையே இல்ல. வேலைன்னா ஏதாச்சும் விளையணும். இதுல ஒண்ணுமே விளையல. அடுத்த வீட்டுச் சோத்த எடுத்துத்தான் நான் என் புள்ளைக்குப் போட்டிருக்கேன். சாள்ஸ், நாளைக்குக் காலையில பால் வெட்டப் போறேன். நீயும் என்கூட வா."