எழுதாத எட்டு யூனிட்

நோட்டில் இருபது என்று எழுதிவிட்டு இருபத்தெட்டு போட்டேன். ஒரு நாள் இல்லை, இருபத்து மூன்று நாள். இதை யாரும் என்னிடமிருந்து கறக்கவில்லை, நானே சொல்கிறேன். சொல்லாமல் இருந்து பார்த்தாயிற்று. அதனால் என்ன வந்தது என்பதையும் பார்த்தாயிற்று.

வரதராஜன் எனக்குப் புருஷன் ஆவதற்கு முன்பே பாவா, என் தாய்மாமன் மகன். விசைத்தறி மெக்கானிக். வீடு திருத்தணியில், வேலை பெரும்பாலும் பள்ளிப்பட்டுப் பக்கம். காலை பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். எழுபத்தேழில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. ஒரு வருஷம் மாத்திரையில் ஓட்டினோம். பிறகு அரக்கோணத்து டாக்டர், இனி மாத்திரை வேலைக்கு ஆகாது, மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி என்று சொல்லிவிட்டார்.

ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், சாப்பிடுவதையும் எண்ணித்தான் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். மாவுச்சத்தைப் பங்கு பங்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு இட்லி ஒரு பங்கு. காபி டம்ளரில் தலை தட்டிய சோறு மூன்று பங்கு. பாதி வாழைப்பழம் ஒரு பங்கு. காலையில் நாலு பங்குக்கு இருபது யூனிட், அதைக் கூட்டுவதோ குறைப்பதோ தன்னைக் கேட்காமல் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் எட்டாவது வரை படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் தாளைப் பார்க்காமலே சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். கூடவே ஒரு திமிரும் வந்துவிட்டது. ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இலையில் விழுந்த ஜாங்கிரியை, நாலு பேர் எதிரே, என் கையாலேயே எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தேன். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போடுவதும் நான்தான். மருந்துப் புட்டியை ஈர மணல் பானையில் வைத்திருப்பேன். கண்ணாடி ஊசிக்குழலைச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து எடுப்பேன். போட்ட யூனிட்டை டாக்டருக்குக் காட்ட ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். ஓடுகிற தறிக்குள் கையை விடுகிற மனுஷன், ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எத்தனை கோடு ஏற்றுகிறேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மத்தியானம் அவர் வந்ததும் சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து, நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைப்பேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை கொஞ்சம், மஞ்சள் அதிகம், செங்கல் நிறம் மோசம். முதலில் பச்சையில் நின்றது. ஆனி மாதம் பிறந்ததிலிருந்து தினமும் செங்கல். என் டம்ளர் பெரிதாகவில்லை, என் இட்லியும் ஊதிப்போகவில்லை. காலைப் பலகாரத்துக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் பள்ளிப்பட்டில் வாய் எங்கேயோ மேய்கிறது என்று புரிந்துவிட்டது. சட்டைப் பாக்கெட் ஓரத்தில் எண்ணெய்க் கறையும் பார்த்தேன்.

கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார், இல்லையென்றால் தலையைக் குனிந்துகொள்வார், இரண்டையும் பார்க்க மனசில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் கணக்கு தோற்றுப்போனது என்று அந்த டாக்டரிடம் போய்ச் சொல்லப் பிடிக்கவில்லை. பாவாவுக்குத் தெரியாமல் காலை ஊசியில் இரண்டு யூனிட் கூட்டினேன். நிறம் மாறவில்லை. இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று எட்டு வரை போனேன். நோட்டில் மட்டும் இருபது அப்படியே நின்றது.

எட்டு ஏறியதும் செங்கல் போய் மறுபடி பச்சை வந்தது. அடுத்த தடவை அரக்கோணம் போனபோது டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இருபதிலேயே நிற்கிறதே, இப்படி எண்ணிப் போடுகிற பெண்சாதி கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னார். எனக்குப் பெருமையில் காது அடைத்துப்போயிருந்ததால் பாவா முகத்தை நான் கவனிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்கக் காவடி. அவர் அன்று வேலைக்குப் போகாமல் மலைக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்தார். மறுநாள் மத்தியானம் கொதிக்க வைத்தேன், நீலம். அதற்கு மறுநாளும் நீலம். கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எட்டு அதிகமாகிவிட்டதோ என்று தோன்றியிருக்க வேண்டும். எட்டு வேலை செய்கிறது என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் இருபத்தெட்டைப் போட்டு நாலு இட்லியும் வைத்து அனுப்பினேன். பள்ளிப்பட்டில் வேலை சீக்கிரம் முடிந்து பத்தரை பஸ்ஸில் ஏறியிருக்கிறார். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லி நான் தெரிந்துகொண்டது. அப்போது நம் பக்கம் மதுவிலக்கு, பள்ளிப்பட்டைத் தாண்டினால் ஆந்திராப் பக்கம் சாராயக் கடை திறந்து கிடக்கும். அந்தத் தடத்துப் பஸ்களில் தள்ளாடிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். இவருக்கு வேர்த்துச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நாக்குக் குழறி, எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் பக்கத்தில் நின்ற பொம்பளை மேல் சாய்ந்திருக்கிறார். கண்டக்டர் பாதி வழியில் இறக்கி விட்டுவிட்டார். அந்தக் கண்டக்டரை நான் மனசுக்குள் திட்டாத நாளில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸில் நானே இருந்திருந்தாலும் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்துதான் உட்கார்ந்திருப்பேன்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறார். குடிகாரன் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற வேணு என்பவர்தான் கிட்டே வந்து வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லை. லாரியை நிறுத்தி ஏற்றி, திருத்தணி ஆஸ்பத்திரியில் கொண்டு வந்து சேர்த்தார். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் உடனே வாயில் போடு என்று நான் காகிதத்தில் கட்டிக் கொடுத்த கல்கண்டு, பாக்கெட்டில் பிரிக்காமல் இருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலு இட்லிக்கு இருபதுன்னு எழுதியிருக்கு. இருபதுக்கு இவ்ளோ மோசமா ஆகாதும்மா. எவ்ளோ போட்டீங்க?"

இருபதுதான் என்றது என் வாய். நோட்டு சாட்சிக்கு இருந்தது, அரக்கோணத்து டாக்டரின் பாராட்டும் இருந்தது. அந்தம்மா திரும்பி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. இன்னொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் கண் திறந்தார். பேச்சு தெளிய இரண்டு நாள் ஆனது. அதன் பிறகுதான் அவரே ஆரம்பித்தார்.

"பள்ளிப்பட்டுல தினம் போண்டாவும் டீயும் சாப்டுகினு இருந்தேன் கோமளா. டாக்டர் உன்ன மெச்சினாரே, அன்னிக்கே எனுக்கு மனசு கேக்கல. கிருத்திகை அன்னிக்கி சாமி எதிர்ல நின்னு வுட்டுட்டேன். ஒரு மண்டலம் முடிச்சிட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

கல்கண்டை ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

"மூணு நாளாவே கை நடுங்கிச்சி. ஆசதான் சாக்கு தேடுதுன்னு பல்லக் கடிச்சிகினு இருந்தேன்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எட்டு யூனிட்டையும் சொன்னேன். எந்த நாளிலிருந்து, எப்படி இரண்டிரண்டாக ஏற்றினேன் என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் சொட்டுச் சொட்டாக இறங்குகிற குளுக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ உனுக்குத் தெரியும்."

"ஆங், பாவா."

"தெரிஞ்சிகினே தினம் நாலு இட்லி எண்ணி வச்சே. நானும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி துன்னுட்டுப் போனேன். பந்தியில என் எலையில கை வச்சியே, அன்னிக்கிக் கூட எனுக்கு இவ்ளோ வலிக்கல."



வீட்டுக்கு வந்த முதல் காலை, டாக்டர் குறைத்துக் கொடுத்தபடி பதினாறு ஏற்றிக்கொண்டு கூப்பிட்டேன். அவர் என் கையிலிருந்து ஊசிக்குழலை வாங்கி, மருந்தைக் கீழே கொட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு, புட்டியையும் குழலையும் துண்டில் சுற்றி எடுத்துத் தெருமுனையில் இருக்கிற கம்பவுண்டர் சிங்காரத்தின் வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து மூன்று வேளை ஊசியும் அங்கேதான். இட்லியை இன்னும் நான்தான் எண்ணி வைக்கிறேன். அவர் இன்னொரு தடவை எண்ணிவிட்டுச் சாப்பிடுகிறார். வேலைக்கும் போகிறார், ஆனால் அந்த மயக்கத்துக்குப் பிறகு திறந்த தறி முன்னால் எந்த நட்டைக் கழற்றுவது என்று தெரியாமல் நிற்கிறாராம்.

போன வாரம் குழாயடியில் கம்பவுண்டர் பெண்சாதி மணியம்மை எனக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னா அக்கா, கை நடுங்குதாமே உனுக்கு? அதான் இங்க வரேன்னு அண்ணன் சொல்லிச்சி."

ஊருக்கு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவராகக் கட்டிய பொய் அது. தெருவில் நிற்க வைத்துத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆமாம், கொஞ்ச நாளாக நடுங்குகிறது என்று அவளிடம் சொன்னேன். வாய் வரை நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.