பாலத்தில் நின்ற சொர்க்க ரதம்

ஆவாரங்குளம் ஊராட்சித் தலைவர் காந்திமதிநாதன் காலையில் காபி குடித்த கையோடு சொர்க்க ரதத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கண்ணாடி துடைத்திருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்து, ஓட்டுநர் ஹபீப் முகம்மதிடம் ஏதாவது ஒரு குறை சொன்னால்தான் அவருக்கு இட்லி இறங்கும். பிணம் ஏற்றுகிற வண்டியை இப்படிக் கொஞ்சுகிற மனுசரை முக்கூடல் வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. என்ன செய்ய, நாயாய் அலைந்து அவர் வாங்கிய வண்டி அது.

ஊர் எல்லையில் ஓடுகிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செண்பகநேரி. அங்கே ஊராட்சித் தலைவி இசக்கித்தாய் எரிவாயு தகனமேடை கட்டி வைத்திருந்தாள். வண்டி இங்கே, மேடை அங்கே. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு டீ குடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அதுதான் நடக்கவில்லை. அவளுடைய மாமியார் இறந்தபோது ரதத்தைக் கேட்டு ஆள் விட்டாள். எங்க ஊர் வண்டி எங்க ஊருக்குத்தான் என்று சொன்னதோடு நிற்காமல், வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டவே கூடாது என்று இவர் தீர்மானமும் போட்டுவிட்டார். மாமியார் வாழைத்தார் ஏற்றுகிற லோடு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தாள். செண்பகநேரிக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? வெளியூர்ப் பிரேதத்துக்கு மேடையில் இடமில்லை என்று அவர்களும் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஆக, இரண்டு ஊருக்கும் ஆளுக்குப் பாதிச் சாவு வசதி.

கார்த்திகை அடைமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்துத்தான் காந்திமதிநாதனின் பெரியப்பா கண்ணை மூடினார். தொண்ணூறைத் தாண்டிய கல்யாணச் சாவு. வீட்டில் அழுகையைவிட, வந்தவர்களுக்குக் காபி போதவில்லை என்கிற சத்தம்தான் பெரிதாக இருந்தது. ஆனால் காந்திமதிநாதனுக்கு நெஞ்சு கனத்துத்தான் கிடந்தது. தகப்பன் இல்லாத அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. அவருக்குப் பிள்ளையும் இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவர் இவர்தான். ஆற்றங்கரைச் சுடுகாட்டிலோ இடுப்பளவு தண்ணீர். பிரேதத்தைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து கொண்டுவரும் நீர்மாலையையே தெருக்குழாயில்தான் எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் காரியம் முடிய வேண்டும். வேறு வழியில்லாமல், செண்பகநேரிக்கு விடுங்கள், அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

சங்கு ஊத, சேகண்டி அடிக்க, பாலம் வரைக்கும் ரதம் ஜம்மென்று போனது. பாலத்தின் தலைமாட்டில் ஹபீப் முகம்மது இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

“என்ன வே, நிப்பாட்டிட்டீரு?”

“பாலம் வந்துட்டு அண்ணாச்சி. தீர்மானம் இருக்குல்லா.”

“அதப் போட்டதே நான்தான். நான் சொல்லுதேன், எடும்.”

“போன மாசம் வண்டியத் திருப்ப எடமில்லாம பாலந்தாண்டிப் போயித் திருப்புனேன். அதுக்கு மெமோ குடுத்திய. இனிமே வாய்ச்சொல்லு செல்லாதுன்னு அதுலயே எழுதியிருந்திய அண்ணாச்சி.”

துக்கத்துக்கு வந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அழுகையை அடக்க அல்ல. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் வழி சொன்னார். வார்டு உறுப்பினர்கள் எல்லாரும் ஊர்வலத்தில்தானே இருக்கிறார்கள், இங்கேயே கூட்டத்தைப் போட்டுப் பழைய தீர்மானத்தை ரத்து செய்தால் என்ன?

பெரியப்பா கண்ணாடிக்குள் படுத்திருக்க, குடைகளுக்கு அடியில் அவசரக் கூட்டம் கூடியது. ஆறாவது வார்டுக்காரர் பழக்க தோஷத்தில் தன் தெருவிளக்குப் பிரச்சினையைக் கிளப்பினார். பிரேதம் காத்துக் கிடக்கிறது, பேசாமல் இரும் என்று அவரை அமுக்கினார்கள். தீர்மானம் ரத்தானது.

அப்போதுதான் பாலத்தின் அந்த முனையில் இசக்கித்தாய் தன் ஆட்களோடு நிற்பதைக் காந்திமதிநாதன் பார்த்தார். இனி அவள் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியப்பா நடுப்பாலத்தில் கிடப்பார். அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. நேரே நடந்துபோய்க் கையைக் கூப்பினார்.

“சேதி வந்ததுமே நாங்களும் கூட்டம் போட்டு, பழைய தீர்மானத்த ரத்து பண்ணிட்டுத்தான் வாறோம் அண்ணாச்சி. மேடை தயாரா இருக்கு,” என்றாள் அவள். “எங்க அத்தையக் கொண்டுபோகையில லோடு ஆட்டோ பள்ளத்துல குதிச்சி, தலை வெளிய தொங்கிட்டு. எங்க வீட்டுக்காரரு அதைக் கையில ஏந்திக்கிட்டே வந்தாரு. அந்தக் கதி ஒங்க பெரியப்பாவுக்கு வேண்டாம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

காலையிலிருந்து வராத அழுகை காந்திமதிநாதனுக்கு அப்போது வந்தது. அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

காரியம் முடிந்து வெளியே வந்ததும் அவர் தன் உறுப்பினர்களைக் கூப்பிட்டார். இனிமேல் ரதம் இரண்டு ஊருக்கும் பொது, ஓட்டுநர் சம்பளம், டீசல் செலவு இரண்டு ஊராட்சிக்கும் பாதிப் பாதி என்று அங்கேயே சொன்னார். பிறகு இசக்கித்தாயிடம் திரும்பி, இத்தனை நாள் தனக்குப் புத்தி வராமல் போயிற்றே என்றார்.

“மழையும் சாவும் எல்லைக்கல்லப் பாத்தா வருது அண்ணாச்சி? பக்கத்துப் பக்கத்து ஊருக்காரங்க, இருக்கதச் சேத்து வச்சாத்தான் ரெண்டு ஊருக்கும் முழுசாக் கெடைக்கும். பூட்டி வச்சா, ஒங்க சனமும் தவிக்கும், எங்க சனமும் தவிக்கும்.”