கல்லில் ஒரு ஜோடிக் கால்

பொறாமை மலையேறினால் குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னமனூர் தாண்டி ஜீப் முதல் வளைவில் திரும்பும்போதே மகாலட்சுமிக்குப் பிடித்துக்கொண்ட வயிற்றெரிச்சல், மேகமலைப் பனியிலும் அணையவில்லை.

காரணம் தேவயானி. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அவள் புருஷன் தமிழ்மாறன் சிற்பி. மலை மேலே ஏலத்தோட்டம் ஒன்றை வாங்கி, அது முழுக்கச் சிலைகளை நிறுத்தி வைத்திருக்கிறான் என்று பேப்பரில் படத்தோடு வந்தது. "ஒரு நா குடும்பத்தோட வாடி" என்று தேவயானி போனில் கூப்பிட்டாள். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்தவளுக்குப் போய்ப் பார்க்காமல் தூக்கம் வருமா?

தேவயானிக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தமிழ்மாறன் முதலில் பெண் பார்க்க வந்தது மகாலட்சுமியைத்தான். காபித் தட்டோடு போய் நின்றவளை அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கூச்சம். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் தரையையே பார்த்துவிட்டு எழுந்து போனான். "கல்லுக் கொத்துறவரு. ஏறெடுத்துப் பாக்கக்கூடத் தெரியல. எனக்கு வேணாம்" என்று ஒற்றைக் காலில் நின்று மறுத்தவள் அவளேதான். வலிய வந்த சீதேவியை எட்டி உதைத்த கதை! 'ஒருத்தன் பார்த்துவிட்டுப் போன பெண்' என்று பேர் வரக்கூடாதென வீட்டில் அந்தப் பேச்சையே அமுக்கிவிட்டார்கள். பிறகு கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரன் சுரேஷ்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனுஷன்தான். என்ன, மருந்தடிக்கிற பம்பைத் தவிர எதையும் ஆசையாகத் துடைத்துப் பார்க்காதவன்.

இன்றைக்கு அவன்தான் ஜீப் ஓட்டி வந்தான். பின்சீட்டில் அவன் அம்மா அக்கம்மாள், மடியில் மஞ்சப்பையோடு. வழியில் எந்தச் சாமி எதிர்ப்பட்டாலும் வெறுங்கையோடு கும்பிடக் கூடாதென்று பையில் சூடமும் எலுமிச்சம்பழமும் தயாராக இருந்தன. மழைக்காலம், அட்டை ஏறும் என்று சுரேஷ்கண்ணன் தன் பழைய கேன்வாஸ் ஷூவையும் சாக்ஸையும் மகாலட்சுமிக்கு மாட்டிவிட்டிருந்தான். பட்டுச் சேலைக்குக் கீழே அது வேறு அசிங்கம்.

வாசலில் தமிழ்மாறன் கும்பிட்டான். இப்போதும் தரையைப் பார்த்தபடிதான். தன்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது.

தோட்டத்துக்குள் போனால், எங்கே திரும்பினாலும் தேவயானி! தலை சீவுகிற தேவயானி, முறத்தில் அரிசி புடைக்கிற தேவயானி, வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிற தேவயானி. கொட்டாவியைக்கூடவா ஒருத்தன் கல்லில் வைப்பான்?

"எனக்கே என் மூஞ்சி சலிச்சுப்போச்சுடி. சொன்னா அவுக கேக்க மாட்டேங்கிறாக" என்று சலித்துக்கொண்டாள் தேவயானி. சலிப்பாம் சலிப்பு! பூரிப்பில் அவள் கன்னம் மினுங்கியது. கல்யாண ஆல்பத்துக்கப்புறம் தன்னை ஒரு போட்டோகூட எடுக்காத புருஷனை மகாலட்சுமி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் ஒரு சிலையைத் தட்டி, எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தோட்டத்தின் கடைசியில், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு கருங்கல் பீடம். அதன்மேல் கணுக்கால் வரைக்கும் ஒரு ஜோடிக் கால், அவ்வளவுதான். உடம்பும் இல்லை, முகமும் இல்லை.

"இது மட்டும் என் காலு இல்ல" என்றாள் தேவயானி. குரல் இறங்கியிருந்தது. "இங்கன மொதல்ல செஞ்சதே இதத்தேன். யாரு காலுன்னு கேட்டா, 'சும்மா ஒரு காலு'ங்கிறாக."

மகாலட்சுமி குனிந்து பார்த்தாள். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருந்தது. ஷூவுக்குள் அவள் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. அடப்பாவி மனுஷா, தரையைப் பார்த்தேன் தரையைப் பார்த்தேன் என்று எதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய்!

அதற்குள் அக்கம்மாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டாள். "ஆத்தா பாதம்ல இது! செருப்போட நிக்கிறீகளே, வெளங்குமா? எல்லாரும் கழட்டுங்க."

"இது சாமியில்லம்மா" என்று தமிழ்மாறன் முனகினான்.

"நீ செஞ்சா சாமியில்லன்னு ஆயிருமாய்யா? பாதம்னா பாதந்தேன்." கல் விரல்களுக்கு முன்னால் சூடம் எரிய ஆரம்பித்தது. தமிழ்மாறனும் வேறு வழியில்லாமல் கை கூப்பினான்.

சுரேஷ்கண்ணன் மனைவியிடம் சொன்னான்: "நீ கழட்டாத, அட்டை கெடக்கு. தள்ளி நின்னு கும்பிடு, போதும்."

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் தேவயானியின் மினுங்கும் கன்னம் பக்கத்திலேயே நின்றது. எல்லாம் உனக்கு மட்டுந்தானாடி என்று கேட்டது மகாலட்சுமியின் மனசு. மர வேரில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள். சாக்ஸை உருவினாள். நிதானமாக நடந்துபோய், கல் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்தாள்.

முதலில் கண்டுபிடித்தவள் அக்கம்மாள். இந்த நீண்ட விரலைச் சொல்லித்தானே, புருஷனை அடக்கப் பிறந்தவள் என்று மருமகளை அவள் கல்யாணத்தன்றிலிருந்து ஏசிக்கொண்டிருக்கிறாள்! "ஆத்தீ... ஏத்தா, இது ஒன் காலுல்ல?"

தரையையே பார்க்கிற தமிழ்மாறனும் பார்த்துவிட்டான். கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றான். தேவயானி அந்தக் கால்களைப் பார்த்தாள், தன் புருஷனைப் பார்த்தாள். "சோறு ஆறுது, வாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

அப்பாடா! மகாலட்சுமிக்கு வாயில் வெல்லக்கட்டியைப் போட்டது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெட்டி கிடந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்று அம்மிமேல் அவள் காலைத் தூக்கி வைத்து, அந்த விரலில் மெட்டி ஏறாமல் அவன் திண்டாடியபோது மண்டபமே சிரித்தது. இப்போது குனிந்து ஷூவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். மாட்டிவிடவில்லை.

சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. ஜீப் பாதி மலை இறங்கியிருந்தது. பின்சீட்டில் அக்கம்மாள் மஞ்சப்பைக்குள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு எப்ப ஒன்னப் பாக்க வந்தாரு?" என்றான் சுரேஷ்கண்ணன், ரோட்டைப் பார்த்தபடியே.

"நம்ம கல்யாணத்துக்கு முந்தி. ஒரே ஒரு தடவ. பொண்ணு பாக்க." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நாந்தேன் வேணாம்னேன். சத்தியமாச் சொல்றேங்க, அவரு என் மொகத்தக்கூடப் பாக்கல."

அவன் கியரை மாற்றினான்.

"மொகத்தப் பாத்திருந்தாத் தேவலையே" என்றான்.