மூன்று பத்துக்குக் கேட்கும் குரல்

ஓசூரில் அசோக்குமார் வேலை பார்த்த தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. அதனால் போனை மனைவி ரஞ்சிதாவிடமே விட்டுப் போவான். பங்குச் சந்தையில் எந்தப் பங்கை வாங்குவது என்று முதல் நாளே சொல்லிவிடுவான். காலையில் வாங்குவதும் மாலைக்குள் விற்பதும் அவள் வேலை. மொத்த முதலே பன்னிரண்டாயிரம். அவள் மறந்துவிடாதிருக்க, அலாரத்தில் தன் குரலையே பதிந்து வைத்திருந்தான். மூன்றரைக்குச் சந்தை மூடுமுன், சரியாக மூன்று பத்துக்கு அது அதட்டும்: "ரஞ்சி, லாபமோ நட்டமோ, வித்துருட்டி!"

இரண்டு சதவீதம் இறங்கி இருநூற்று நாற்பது போனாலும் சிரித்துக்கொண்டே விற்பாள். ராத்திரி குழம்பில் மீன் இருக்காது, அவ்வளவுதான்.

குருபரப்பள்ளி அருகே பைக் விபத்தில் அவன் போய் ஐந்து மாதம். காப்பீட்டுப் பணம் பதினெட்டு லட்சம் வந்தது. கடைசியாக அவன் சொன்ன பங்கையே அத்தனைக்கும் வாங்கினாள். அன்றே இரண்டு சதவீதம் இறங்கியது. அதே இரண்டு சதவீதம்தான், ஆனால் முப்பத்தாறாயிரம்! மூன்று பத்துக்குக் குரல் வந்தது. விரல் அசையவில்லை. அலாரத்தை அணைத்தாள். மறுநாளும் அணைத்தாள்.

மூன்றாம் நாள் நஷ்டம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். "ரஞ்சி, லாபமோ..." என்றதுமே அணைக்க அவள் கை போனுக்குப் போனது. மாமியார் பேச்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் மூன்று மணிக்கே போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஏட்டி, மூணு நாளா எம் மவன் வாயப் பொத்துதியே!"

"வித்தா ஒண்ணரை லட்சத்துக்கு மேல போயிரும் அத்தே. அவுக உசுருக்கு வந்த துட்டு. அதுல எப்படிக் கொறைக்க?"

"உசுரே போயிட்டு. துட்டப் புடிச்சு வச்சா திரும்பியா வரப்போறான்? அவன் சொல்லுதத முழுசாக் கேளுட்டி."

"...வித்துருட்டி!" என்று முடித்தது குரல். எப்போதும் போலக் கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. ரஞ்சிதா கண்ணை மூடிக்கொண்டு விற்றாள்.

மிச்சத்தை வங்கியில் வைப்பு போட்டாள். பங்குக் கணக்கில் விட்டது பன்னிரண்டாயிரம் மட்டும். அடுத்த வாரம் ஒரு நாள் அதே பங்கை வாங்கியதில் நூற்று எண்பது ரூபாய் நஷ்டம். குரல் முடியும்வரை காத்திருந்தாள். விரல் தானாகவே போய் விற்றது.

போனைக் கீழே வைத்ததும் பேச்சியம்மாள் மெல்லக் கேட்டார்: "நாளைக்கும் வருவானாட்டி?"

"வருவாக அத்தே. மூணு பத்துக்கு."